அம்மப்பாவின் பெட்டகத்து வெள்ளிக் கிண்ணம்: நங்கூரம் இருக்கிறது, நேவிக் கோப்பையா?

உவர்மலையாள்:
எல்லோருக்கும் வணக்கம். கூரை மாற்ற வேண்டும் என்று வீட்டை ஒதுக்கியபோது அம்மப்பாவின் மரப்பெட்டகத்தின் அடியில் வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு கிண்ணமும் சின்னத் தட்டு ஒன்றும் கிடைத்தன. கிண்ணம் ஒன்பதரை அங்குல உயரம், சமையல் தராசில் 486 கிராம். தட்டு ஒரு சாண் கூட இல்லை, 124 கிராம். கிண்ணத்தின் உட்புறம் மஞ்சள், அதுவும் பாதி தேய்ந்துபோய் வெள்ளை தெரிகிறது. நடுத்தண்டில் எலுமிச்சங்காய் அளவில் ஒரு குமிழ், அதில் முந்திரிகைக் குலையும் நெற்கதிரும். அடிப்பாகம் ஆறு இதழாக விரிந்திருக்கிறது, அதில் மூன்று வட்டங்கள்: ஒன்றில் சிலுவை, ஒன்றில் நங்கூரம், ஒன்றில் தீப்பிடித்த இதயம்.

நாங்கள் சைவக் குடும்பம். அம்மப்பா நகை வேலை செய்தவர். திருகோணமலை நேவி டொக்யாட்டில் இருந்த வெள்ளைக்காரத் துரைமாரின் கரண்டி, தேநீர்ப் பாத்திரம் எல்லாம் திருத்த அவரிடம்தான் வருமாம். நங்கூரம் இருப்பதால் இது நேவிக்காரர் போட்டியில் கொடுத்த கோப்பை என்பது பெரியமாமாவின் முடிவு. நேற்று டவுனில் ஒரு நகைக்கடையில் காட்டினேன். நிறுத்துப் பார்த்துவிட்டு, "விட்டுவிட்டுப் போங்கள், உரசித் திராவகம் வைத்துப் பார்த்து வெள்ளி விலைக்கு எடுக்கிறோம்" என்றார்கள். எனக்கு மனம் வரவில்லை, திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். இது என்ன சாமான்?

மூதூர்க்காரன்:
படகோட்டப் போட்டியில் இரண்டாம் பரிசு. முதல் பரிசுக்காரன் லண்டனுக்குக் கொண்டுபோயிருப்பான். இதயம் எதற்கு என்றுதான் விளங்கவில்லை, தோற்றவனுக்கு ஆறுதலாக இருக்கும்.

ஹரோ_மாமா:
பிள்ளை, நான் இங்கே லண்டனில் முப்பது வருஷமாக ஞாயிற்றுச் சந்தைகளில் பழைய வெள்ளிச் சாமான் பார்த்துத் திரிகிறவன், அதனால் சொல்கிறேன். நங்கூரம் என்றால் பர்மிங்ஹாம். வெள்ளியின் தரம் பார்த்து முத்திரை குத்தும் அந்த ஊரின் பரிசோதனைச் சாலை 1773இல் தொடங்கிய நாளில் இருந்து அதன் முத்திரை நங்கூரம்தான், ஷெஃபீல்டுக்கு அந்த நாளில் கிரீடம். கடற்கரையே இல்லாத ஊருக்கு எதற்கு நங்கூரம் என்றால், இரண்டு ஊர்க்காரரும் லண்டனில் 'கிரீடமும் நங்கூரமும்' என்ற சாராயக்கடையில் கூடிப் பேசினார்களாம், காசு சுண்டிப் பிரித்துக்கொண்டார்களாம் என்று ஒரு கதை. நடக்கும் சிங்கம் ஒன்றும் இருக்க வேண்டும், அது ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்பதற்கு. பக்கத்தில் ஒரு ஆங்கில எழுத்து இருந்தால் வருஷத்தையே சொல்லிவிடலாம். மாமா சொன்னது சரி, இது நேவிச் சாமான்தான்.

வெள்ளிக்காசு:
கொஞ்சம் பொறுங்கள். ஐயா சொல்லும் நங்கூரம் அரிசியில் பாதி அளவில் குத்திய முத்திரை. தங்கச்சி சொல்வது அடியில் ஒரு வட்டம் நிறைய இருக்கும் நங்கூரம். அது அலங்காரம், முத்திரை இல்லை. இரண்டையும் குழப்பினால் கப்பலே வேறு துறைமுகத்துக்குப் போய்விடும்.

முதலில், தயவுசெய்து அதை மினுக்காதீர்கள். பிராஸோ, பல்பொடி, சாம்பல் எதுவும் வேண்டாம். கிண்ணத்தின் விளிம்புக்கு வெளியே, உதடு படும் இடத்துக்குச் சற்றுக் கீழே, ரோர்ச் லைற்றைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது, சாய்த்தால்தான் பள்ளம் நிழல் விழுத்தும். தட்டின் விளிம்பையும் பாருங்கள். சிங்கமா, தலையா, என்ன சட்டத்துக்குள் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

உவர்மலையாள்:
பார்த்தேன். மகனின் பூதக்கண்ணாடி உதவியது. சிங்கம் இல்லை. ஒரு தலை, தொப்பி மாதிரி, இல்லை, போர்க்கவசம் மாதிரி ஏதோ போட்டிருக்கிறது, பக்கவாட்டில் பார்க்கிறது. எட்டு மூலைச் சட்டம். நெற்றிக்கு முன்னால் 1 என்று இருக்கிறது என்று நினைக்கிறேன். பக்கத்தில் சாய்சதுரம் ஒன்று, அதற்குள் தேய்ந்த எழுத்துகள். தட்டிலும் அதே தலை. அடிப்பாகத்தில் எங்கே தேடியும் ஒரு முத்திரையும் இல்லை.

வெள்ளிக்காசு:
அப்படியானால் விஷயம் முடிந்தது. அது மினர்வா தலை, பிரான்ஸ் நாட்டு அரச முத்திரை. 1838இல் இருந்து குத்துகிறார்கள். நெற்றிப் பக்கம் 1 இருந்தால் முதல் தரம், பழைய சாமானில் ஆயிரத்தில் 950 பங்கு வெள்ளி, அதாவது ஹரோ ஐயாவின் சிங்கத்தைவிடச் சுத்தம். இரண்டாம் தரம் என்றால் நாடிக்குக் கீழே 2 இருக்கும், அது 800. சாய்சதுரம் செய்தவரின் குறி. ஆக உங்கள் கிண்ணம் 1838க்குப் பிந்தியது, பிரெஞ்சு வேலை, பரிசுக் கோப்பை இல்லை. கத்தோலிக்கப் பூசையில் குருவானவர் திராட்சை இரசம் வைக்கும் கிண்ணம் அது. தட்டு அப்பத்துக்கு. இரண்டும் சோடி.

எப்படிச் சொல்கிறேன் என்றால் அந்த மூன்று வட்டங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதை வைத்துத்தான். நங்கூரம் தனியே இருந்தால் நேவி, கப்பல் கொம்பனி, மீன்பிடிச் சங்கம், எதுவும் ஆகலாம். சிலுவை, நங்கூரம், எரியும் இதயம் மூன்றும் சேர்ந்தால் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் மூன்றையும் சேர்த்துச் சொல்வார். நம்பிக்கையை ஆன்மாவின் நங்கூரம் என்பது எபிரேயர் கடிதத்தில் வருகிறது. 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வேலைப்பாட்டில் கிண்ணத்தின் அடியில் இந்த மூன்றையும் போடுவது மிகச் சாதாரணம், சிலதில் இதே மூன்றும் பெண் உருவங்களாக இருக்கும்.

மூதூர்க்காரன்:
ஆக பூசைக் கிண்ணத்தின் உதட்டில் ஒரு ரோமத் தெய்வத்தின் தலை! அந்தக் காலத்துச் சுவாமிமார் கவனிக்கவில்லையா?

வெள்ளிக்காசு:
அது வரிக்காரன் குத்தியது, சுவாமியார் குத்தியது இல்லை. ரூபாய் நோட்டில் என்ன படம் இருந்தாலும் உண்டியலில் போடுகிறோம் அல்லவா.

பாலையூற்றான்:
நான் லத்தீன் பூசையில் மணி அடித்தவன், எழுபதைத் தாண்டிவிட்டேன். வாசித்ததும் கை அரித்தது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

அந்தக் குமிழ் அழகுக்கு மட்டும் வைத்தது என்று நினைக்க வேண்டாம். பழைய முறையில் அப்பத்தை வசீகரம் செய்த பிறகு, அதாவது அதைக் கிறிஸ்துவின் உடலாக்கும் வசனத்தைச் சொன்ன பிறகு, குருவானவர் பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்தபடியே வைத்திருப்பார், துகள் ஒட்டியிருக்கலாம் என்பதற்காக, விரல் கழுவும் வரைக்கும் பிரிக்க மாட்டார். அப்படி இரண்டு விரலைப் பூட்டிக்கொண்டு வழவழப்பான தண்டைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். குமிழ் இருந்தால்தான் மற்ற மூன்று விரலும் பிடித்துக்கொள்ளும். அடியில் இருக்கும் சிலுவைக்கும் வேலை இருக்கிறது. சிலுவை எந்தப் பக்கமோ அது தன்னைப் பார்த்திருக்க வைப்பார், ஒவ்வொரு தடவையும் அதே பக்கத்தில் அருந்துவார். உட்புறப் பூச்சு எந்தப் பக்கம் கூடத் தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள், சிலுவைக்கு நேர் மேலேதான் இருக்கும்.

இன்னொன்று. வெள்ளிக்காசு தம்பி 'நம்பிக்கை' என்று எழுதியது நாங்கள் படித்த பழைய ஞானோபதேசச் சொல். இப்போது கோயிலில் அதை எதிர்நோக்கு என்கிறார்கள், விசுவாசத்தைத்தான் நம்பிக்கை என்கிறார்கள். எனவே இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் "நங்கூரம் என்றால் நம்பிக்கை" என்று சொன்னால் சிலுவையைக் காட்டுவார்கள். எனக்கே பல தடவை நாக்கு தடுக்கியிருக்கிறது.

பிரெஞ்சுச் சாமான் இங்கே எப்படி என்று யாரும் கேட்க முதல் சொல்லிவிடுகிறேன். திருகோணமலை மறைமாவட்டம் 1893இல் ஏற்பட்டது, அதன்பின் அதைப் பொறுப்பேற்றவர்கள் பிரெஞ்சு இயேசு சபைச் சுவாமிமார். ஆயர்களாக இருந்த லவீஞ் ஆண்டவர், ரொபிஷே ஆண்டவர் எல்லாம் அந்த நாட்டுக்காரர். அவர்கள் ஊரில் இருந்தே உடுப்பும் பாத்திரமும் வரும். என் காலத்தில் நியூ ஓர்லியன்ஸில் இருந்து வந்த அமெரிக்கச் சுவாமிமார்தான், கிளெனி ஆண்டவர் காலம். ஆனால் பீடத்தில் இருந்தது பழைய பிரெஞ்சுக் கிண்ணம்தான்.

தட்டின் அடியில் ஏதாவது கீறியிருக்கிறதா?

உவர்மலையாள்:
ஐயா, நன்றி. தேய்வு நீங்கள் சொன்னபடியேதான்! சிலுவைக்கு நேர் மேலே பூச்சு முழுக்கப் போய்விட்டது, எதிர்ப்பக்கம் இன்னும் பளபளக்கிறது. தட்டின் அடியில் ஐ, எச், எஸ் என்று மூன்று எழுத்து, எச்சுக்கு மேலே சிலுவை, கீழே மூன்று ஆணி, சுற்றி வெயில் கதிர். யாருடைய பெயரின் முதலெழுத்தோ என்று நினைத்தோம். எங்கள் அம்மம்மாவின் அண்ணனுக்கு ஐ.எச். என்று வரும், அதை வைத்து நேற்று இரவு ஒரு பெரிய ஆராய்ச்சியே நடந்தது.

பாலையூற்றான்:
பெயர்தான், ஆனால் உங்கள் வீட்டாருடையது இல்லை. இயேசு என்ற பெயரைக் கிரேக்கத்தில் எழுதினால் வரும் முதல் மூன்று எழுத்து. நடுவில் இருப்பது எச் இல்லை, ஈற்றா என்ற கிரேக்க எழுத்து, எச் மாதிரியே இருக்கும். ஆணியும் கதிரும் சேர்ந்தால் இயேசு சபையின் சின்னம். அதனால் மட்டும் இது சபைச் சாமான் என்று சத்தியம் செய்ய முடியாது, அந்த எழுத்துகள் எல்லாக் கோயில் பாத்திரத்திலும் வரும். நற்கருணைப் பேழைக் கதவில் பெலிக்கன் பறவை தன் நெஞ்சைக் கொத்திக் குஞ்சுகளுக்கு இரத்தம் ஊட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். சின்ன வயதில் நான் அதைக் கொக்கு என்றுதான் நினைத்தேன்.

மூதூர்க்காரன்:
சரி, பகிடியை விட்டுவிட்டு ஒரு கேள்வி. குமிழில் நெற்கதிர் என்று அவ சொல்கிறா. பிரான்ஸில் நெல் எங்கே? இது இங்கேயே செய்தது, முத்திரை குத்திய கிண்ணத்தை மட்டும் வெளியில் இருந்து எடுத்து எங்கள் ஊர்ப் பத்தர் யாரோ அடியைச் சேர்த்திருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. நான் வயல்காரன், கதிர் கண்டால் தெரியும்.

வெள்ளிக்காசு:
வயல்காரர் என்றால் நீங்களே தீர்ப்புச் சொல்லலாம். முற்றிய நெற்கதிர் தலை குனியும், மணிகள் கிளையாகப் பிரிந்து தொங்கும். கோதுமைக் கதிர் ஒரே தண்டில் இரண்டு பக்கமும் அடுக்கடுக்காகப் பின்னல் மாதிரி நிமிர்ந்து நிற்கும், மேலே மீசை நீட்டியிருக்கும். பூசை அப்பம் கோதுமையில் மட்டும்தான் செய்யலாம், அதனால்தான் கோதுமையும் முந்திரிகையும். தங்கச்சி, கதிர் குனிந்திருக்கிறதா, நிமிர்ந்திருக்கிறதா?

உவர்மலையாள்:
நிமிர்ந்து. மீசை இருக்கிறது. அம்மம்மா கடைசி வரைக்கும் அதை நெற்கதிர் என்றே சொன்னா.

மூதூர்க்காரன்:
தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் பரிசு எனக்கே.

உமிக்கரி:
தாமதமாக வருகிறேன், பட்டறையில் வேலை. நான் நாலு தலைமுறையாக நகை வேலை செய்யும் வீடு. மூதூர்த் தம்பி முழுக்கப் பிழை இல்லை, அடி வேறு, கிண்ணம் வேறு என்பது சரியாக இருக்கலாம். ஆனால் அதுவும் பிரான்ஸிலேயே நடந்திருக்கும். திருச்சபை ஒழுங்குப்படி அந்த நாளில் இரசம் படும் கிண்ணம் வெள்ளியாவது இருக்க வேண்டும், உள்ளே பொன் பூச வேண்டும், அடிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் விலை குறைந்த கிண்ணங்களில் மேலே வெள்ளி, தண்டும் அடியும் பித்தளையில் வெள்ளி முலாம். அடியில் முத்திரை இல்லை என்று பிள்ளை சொன்னபோதே எனக்குச் சந்தேகம். அடியின் விளிம்பு, மேசையில் உரசும் இடம், என்ன நிறம்? கிண்ணத்துக்குள் மஞ்சளுக்கு அடியில் வெள்ளை தெரிந்தால் வெள்ளியின் மேல் பொன். அடியில் வெள்ளைக்கு அடியில் மஞ்சள் தெரிந்தால் பித்தளையின் மேல் வெள்ளி. காந்தம் வைத்துப் பார்க்கிறேன் என்று வெளிக்கிட வேண்டாம், இரண்டிலும் ஒட்டாது.

மூன்று வட்டத்தின் ஓரப்பூவையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். நாங்கள் சுவாமிக்குக் கவசம் செய்யும்போது தகட்டை அரக்கில் வைத்து உள்ளே இருந்து தட்டி எழுப்புவோம், ஒரே பூவை நூறு தரம் தட்டினாலும் இரண்டு பூ ஒன்றுபோல வராது. மூன்று ஓரமும் அச்சொட்டாக ஒன்றென்றால் அது எஃகு அச்சில் அடித்தது, தொழிற்சாலை வேலை.

தட்டு முழு வெள்ளியா என்று திராவகம் இல்லாமலே பார்க்கலாம். தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்துப் பூச்சியம் ஆக்குங்கள். தட்டை நூலில் கட்டி, அடியில் முட்டாமல் முழுக்க மூழ்கத் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் 124ஐ வகுத்தால் பத்துக்குச் சற்று மேலே வர வேண்டும். கிண்ணத்தை இப்படிச் செய்யாதீர்கள். தண்டு கோறை, உள்ளே தண்ணீர் புகுந்தால் காயாது, பச்சை பிடிக்கும்.

உவர்மலையாள்:
செய்தேன். கை நடுங்கி இரண்டு தரம் தட்டு அடியில் முட்டி எண் பாய்ந்தது. மூன்றாவது தரம் நின்றது: 12. வகுத்தால் 10.3.

அடியின் விளிம்பில் வெள்ளைக்கு அடியில் மஞ்சள். நகைக்கடைக்காரர் அதைக் காட்டித்தான் "பார்த்தீர்களா, தங்க முலாம் போட்டிருக்கு" என்று சொன்னவர். வட்டங்களின் ஓரம் மூன்றும் அச்சொட்டு ஒன்றுதான்.

உமிக்கரி:
பித்தளை என்றால் தராசு 12க்குப் பதில் 14, 15 காட்டியிருக்கும். தட்டு வெள்ளி. அடி பித்தளை. கடையில் 486 கிராமுக்கும் வெள்ளி விலை தர மாட்டான், பிரித்துத்தான் நிறுப்பான், அப்போது உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஹரோ_மாமா:
பர்மிங்ஹாம் என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் ஒன்று, அந்தக் கறுப்பை என்ன செய்யப்போகிறீர்கள்? அலுமினியத் தாளும் அப்பச்சோடாவும் சுடுதண்ணீரும் போட்டு அதற்குள் வைத்தால் ஐந்து நிமிஷத்தில் பளிச்சென்று வரும், கரண்டிகளுக்கு நான் அப்படித்தான் செய்வேன்.

வெள்ளிக்காசு:
கரண்டிக்குச் சரி, இதற்கு வேண்டாம். கறுப்பு என்பது வெள்ளியோடு கந்தகம் சேர்ந்த படலம், அலுமினியம் அந்தக் கந்தகத்தை இழுத்துக்கொள்ளும், அதில் பிழை இல்லை. ஆனால் கோதுமைக் கதிரின் இடுக்கில் இருக்கும் கறுப்பும் சேர்ந்து போய்விடும், அந்த நிழல் இல்லாவிட்டால் கதிர் தட்டையாகக் கிடக்கும். கோறைத் தண்டுக்குள் சோடாத் தண்ணீர் வேறு.

திருகோணமலையில் மூன்று பக்கமும் கடல், உப்புக்காற்று வெள்ளிக்குக் கெடுதல். எனவே வெந்நீர் சூட்டில் கொஞ்சம் சவர்க்காரம் தொட்ட மெல்லிய துணியால் துடைத்து, உடனே ஈரம் ஒற்றி, துவைத்த பழைய பருத்தித் துணியில் சுற்றுங்கள். றப்பர் வளையம் போடாதீர்கள், றப்பரில் கந்தகம் இருக்கிறது, வளையம் இருந்த இடத்தில் கறுப்புக்கோடு விழுந்து போகவே போகாது. கம்பளித் துணியும் அப்படித்தான். புளி போட்டு விளக்குவது செம்புக்குடத்தோடு நிற்கட்டும்.

சாம்பல்தீவு77:
எல்லோரும் சுத்தம் செய்வது பற்றிக் கதைக்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. இது யாருடையது? பூசைக் கிண்ணம் ஒன்று சைவ வீட்டுப் பெட்டகத்துக்குள் எப்படி வந்தது? குறை நினைக்க வேண்டாம், ஆனால் விற்கிற யோசனை இருந்தால் முதலில் இதற்குப் பதில் வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்புகிற எண்ணம் இருந்தாலும் கவனம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்திய பொருளைத்தான் தொல்பொருள் என்கிறது, அந்த வரைவுக்குள் இது வராது. ஆனால் 1988இல் கலாசாரச் சொத்துச் சட்டம் என்று இன்னொன்றும் வந்தது. எயார்போட்டில் பெட்டியைத் திறந்தபிறகு இதையெல்லாம் விளங்கப்படுத்த முடியாது, தொல்பொருள் திணைக்களத்தில் முதலே கேட்டுவிட வேண்டும்.

உவர்மலையாள்:
அண்ணை, நான் விற்கக் கேட்கவில்லை, என்ன என்றுதான் கேட்டேன். அம்மப்பா களவெடுத்தார் என்று சொல்ல வருகிறீர்களா? 90இல் இடம்பெயர்ந்து ஓடியபோது அம்மம்மா தன் தாலிக்கொடியை இடுப்பில் கட்டிக்கொண்டு, கையில் எடுத்த ஒரே சாமான் இந்தத் துணிப்பொட்டலம்தானாம், அம்மா நேற்றுத்தான் சொன்னா. விற்கிற ஆட்கள் என்றால் அப்போது விற்றிருப்பார்கள், சாப்பாட்டுக்கு வழி இல்லாத நாட்கள் அவை. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதும் "அது சாமிச் சாமான், கை வைக்காதே" என்பார்கள். எங்கள் சாமி என்றுதான் நினைத்தோம்.

பாலையூற்றான்:
சண்டை வேண்டாம் பிள்ளைகள். வெள்ளைத் துணி என்று முதலே சொன்னாய் அம்மா, எனக்கு அது மனதில் கிடந்தது. அந்த நாளில் ஆயர் பரிசுத்த தைலம் பூசி மந்திரித்த கிண்ணத்தைப் பொதுமக்கள் தொடக்கூடாது. 1917இல் வந்த திருச்சபைச் சட்டத்திலேயே இருந்தது, குருமாரும் அதைப் பொறுப்பாக வைத்திருப்பவரும்தான் தொடலாம். நான் மணி அடித்த காலத்தில் துணி போட்டுத்தான் தூக்குவோம். உன் அம்மப்பாவுக்கு அந்தத் துணியைச் சுற்றிக் கொடுத்தவர் கோயில் ஆள் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். திருத்தத்துக்கு வந்ததாக இருக்கலாம் அல்லவா?

சாம்பல்தீவுத் தம்பி கேட்டதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. இப்போதைய 1983ஆம் ஆண்டுத் தொகுப்பு, இப்படியான பொருள் தனியார் கையில் இருந்தாலும் மரியாதையாக வைக்க வேண்டும், உலகக் காரியத்துக்குப் பாவிக்கக் கூடாது என்கிறது. கையில் இருப்பதே குற்றம் என்று சொல்லவில்லை. தேத்தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சரி.

சாம்பல்தீவு77:
நான் களவு என்று சொல்லவில்லை. சொன்ன விதம் பிழை, மன்னிக்கவும். கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்தபோது புதைத்த விக்கிரகங்கள் 1950இல் கிணறு வெட்டப்போய் வெளியே வந்த ஊர் இது. யாருக்காகவோ பத்திரப்படுத்தி வைப்பது இங்கே புதிது இல்லைதான்.

உமிக்கரி:
பத்தர் வீட்டில் கிடந்தது, உட்பூச்சு தேய்ந்திருக்கிறது. எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். பிள்ளை, அடியைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் ஒரு மரை இருக்கும். கிண்ணம், குமிழ், தண்டு, அடி எல்லாம் ஒரு நீளக் கம்பியில் கோர்த்து அந்த மரையால் இறுக்கியிருப்பார்கள். குறடு போடாதீர்கள். துணியைச் சுற்றி விரலால் திருகுங்கள், வராவிட்டால் விடுங்கள், என்னிடம் கொண்டுவாருங்கள். கழன்றால் ஒவ்வொரு துண்டையும் வந்த ஒழுங்கில் மேசையில் வைத்துப் படம் எடுங்கள். அடியின் உட்பக்கத்தை ரோர்ச் அடித்துப் பாருங்கள். திருத்தத்துக்கு வந்த சாமானில் நாங்கள் நிறையைக் கீறி வைப்பது உண்டு, திருப்பிக் கொடுக்கும்போது வெள்ளி குறைந்தது என்று ஒருவரும் சொல்லக் கூடாது என்பதற்காக.

உவர்மலையாள்:
எல்லோரும் இருங்கள்.

கழன்றது. மரை மற்ற வேலையோடு ஒட்டவில்லை, சதுரமாக, அரத்தால் அராவிய பித்தளை, ஒரு மூலை கோணல். அடியின் உட்பக்கத்தில் ஊசியால் கீறியிருக்கிறது. முதல் நாள் பார்த்தபோது உரசல் என்று நினைத்தது இதுதான். "கிண். வெ. 20¾" அதற்குக் கீழே "64". அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஐயாவின் இருபது" என்றா. அம்மப்பாவுடைய 2 எப்போதும் வாத்து மாதிரிக் கழுத்து நீளமாக இருக்குமாம்.

கிண்ணத்தை மட்டும் தனியே நிறுத்தேன். 166 கிராம்.

உமிக்கரி:
ஒரு பவுன் எட்டுக் கிராம், எட்டால் வகுத்துப் பாருங்கள். இருபதே முக்கால் பவுன். ஒரு மஞ்சாடி குறையவில்லை.

மரையும் அவர் செய்ததுதான். பழைய மரை தேய்ந்திருக்கும், புதிதாக வெட்டிப் போட்டிருக்கிறார். அந்த வேலை முடிந்தது, பூச்சு வேலை முடியவில்லை.

பாலையூற்றான்:
64 மார்கழி. புயல்.

மூதூர்க்காரன்:
எங்கள் வாப்பா இன்றைக்கும் அந்தப் புயலை வைத்துத்தான் வயது கணக்குச் சொல்வார்.

உவர்மலையாள்:
அம்மாவிடம் கேட்டேன். புயல் இரவு பட்டறைக் கூரை முழுக்கப் போனதாம், உலையும் துருத்தியும் போனதாம். அதற்குப் பிறகு அம்மப்பா டவுனில் ஒரு கடையில் கூலிக்கு இருந்தார், சொந்தப் பட்டறை திரும்ப வைக்கவே இல்லை. அந்த நாளில் பொன் பூசுவது பாதரசத்தில் கரைத்துச் சூடு காட்டித்தானாம். அதைக் கடையில் செய்ய முதலாளி விடவில்லை என்று அம்மாவுக்கு ஞாபகம், ஆனால் எந்தச் சாமானுக்காகக் கேட்டார் என்று தெரியாதாம். கோயிலில் இருந்து யாரும் வந்து கேட்டதாகவும் ஞாபகம் இல்லை.

பாலையூற்றான்:
அவர்களுக்கும் கூரை போயிருக்கும். கொடுத்த சுவாமியார் மாற்றலாகிப் போயிருப்பார். நாலைந்து வருஷத்தில் பூசையே தமிழுக்கு மாறி, புதுப் பாத்திரம் வந்து, பழையதை நினைத்துப் பார்க்க ஆள் இல்லாமல் போயிருக்கும்.

உவர்மலையாள்:
இன்று காலை அம்மாவும் நானும் கோயிலுக்குப் போய்ச் சுவாமியாரிடம் காட்டினோம். எந்தக் கோயில் என்று இங்கே எழுத வேண்டாம் என்றார். இளம் ஆள், நாங்கள் சொன்ன கதை முழுவதையும் கேட்டார். 64ஆம் ஆண்டுச் சாமான் கொப்பி அங்கே இல்லை, இது தங்களுடையதா வேறு கோயிலுடையதா என்று அவருக்கும் தெரியாது, ஆயர் இல்லத்தில் கேட்கிறேன் என்றார். பிறகு கிண்ணத்தைக் கையில் எடுத்தார், எடுத்ததும் கை தானாகவே அடியைத் திருப்பிச் சிலுவையைத் தன் பக்கம் கொண்டுவந்தது. பாலையூற்று ஐயா எழுதியது நினைவுக்கு வந்து நான் அம்மாவைப் பார்த்தேன்.

வைத்துவிட்டுப் போங்கள் என்று சொன்னார். அம்மா மாட்டேன் என்றுவிட்டா. தர மாட்டேன் என்று இல்லை, வேலை முடியவில்லையாம். பூச்சுப் போடாத சாமானை ஐயா ஒருநாளும் திருப்பிக் கொடுத்ததில்லையாம்.

உமிக்கரி அண்ணை, உட்புறம் மட்டும் பொன் பூச எவ்வளவு பொன் வேண்டும்?

உமிக்கரி:
இப்போது பாதரசம் இல்லை, மின்சாரத்தில்தான் போடுவோம். அந்த அளவுக் கிண்ணத்துக்கு உள்ளே மட்டும் இரண்டு மைக்ரோன் கனத்தில் போட்டால் ஒரு கிராமுக்குள் முடியும். பூச்சைப் புதுப்பித்தால் மந்திரிப்பு போய்விடுமா என்று சுவாமியார் யோசித்தால், 1917 சட்டத்திலேயே போகாது என்று இருக்கிறதாம், நேற்று ஒரு சுவாமியிடம் கேட்டு வைத்தேன்.

கிண்ணத்தை மட்டும் கொண்டுவாருங்கள். அடியை வீட்டில் வையுங்கள், உங்கள் தாத்தாவின் மரையையும் மாற்ற வேண்டாம், அது இன்னும் பிடிக்கும். கூலி நேரில் பேசுவோம். வரும்போது என் தராசிலும் ஒருதரம் நிறுத்துக் கீற வேண்டும்.